வைல்டுகார்டு சர்டிபிகேட்: டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பது என் வேலை. பாத்திரக் கடை, பட்டு நெசவாளர் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், பள்ளிக்கூடம் என்று யாராக இருந்தாலும், தளம் ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில் விற்பனைக்கு ஒரு சப்டொமைன் (தளத்தின் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்துச் சேர்க்கும் கிளைப்பெயர்), கணக்குக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று என்று பெருகிவிடும். உடனே, இது உண்மையான தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சர்டிபிகேட் பற்றிய பேச்சு வரும். எல்லோரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணம்.இந்தியா என்பதை மாதிரிப் பெயராக வைத்துக்கொள்வோம்.

சார், சர்டிபிகேட் இல்லன்னா பிரவுசர் 'பாதுகாப்பில்லை'ன்னு காட்டுது. அது புரியுது. இந்த வைல்டுகார்டுன்னா என்ன?

சாதாரண சர்டிபிகேட்டில் எந்தெந்தப் பெயர்களுக்கு அது செல்லும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கும். கடை.உதாரணம்.இந்தியா என்று எழுதியிருந்தால் அந்தப் பெயருக்கு மட்டும்தான். வைல்டுகார்டில் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும்: *.உதாரணம்.இந்தியா. நட்சத்திரம் இருக்கும் இடத்தில் எந்தப் பெயர் வந்தாலும் செல்லும். கடை, கணக்கு, தஞ்சாவூர், அடுத்த மாதம் நீங்கள் தொடங்கப்போகும் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் அதே சர்டிபிகேட் போதும்.

ஒரு விஷயத்தை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்களுக்கு அதுதான் அடிப்படை. சர்டிபிகேட் என்பது எல்லோரும் பார்க்கக்கூடிய கோப்பு. அதோடு ஜோடியாக பிரைவேட் கீ என்று ஒன்று உண்டு. அது உங்கள் சர்வரை விட்டு வெளியே போகக்கூடாது. "நான்தான் அந்தத் தளம்" என்று சர்வர் நிரூபிப்பது அந்தக் கீயை வைத்துத்தான்.

ஸ்டார் போட்டாச்சுன்னா மெயின் தளமும் அதுலயே அடங்கிடும்தானே?

அடங்காது. நட்சத்திரத்துக்குப் பதிலாக ஏதாவது ஒரு பெயர் இருந்தே ஆகவேண்டும். வெறும் உதாரணம்.இந்தியா என்று யாராவது தட்டினால் அந்த இடம் காலியாக இருக்கிறது, அதனால் பொருந்தாது. சர்டிபிகேட் கேட்கும்போதே உதாரணம்.இந்தியா, *.உதாரணம்.இந்தியா என்று இரண்டு பெயர்களையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் ஒரே சர்டிபிகேட்டில் வரும். காசுக்கு விற்பவர்கள் பலர் முதன்மைப் பெயரைத் தாங்களாகவே சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். இலவசமாகச் சர்டிபிகேட் தரும் லெட்ஸ் என்கிரிப்டில் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

கும்பகோணம் கிளைக்குன்னு சப்டொமைன் இருக்கு. அதுக்குள்ள கணக்குக்குத் தனியா ஒண்ணு வெச்சிருக்கோம். அங்க மட்டும் எச்சரிக்கை வருதே?

வரத்தான் செய்யும். நட்சத்திரம் ஒரே ஒரு படிக்குத்தான். கும்பகோணம்.உதாரணம்.இந்தியா பொருந்தும். கணக்கு.கும்பகோணம்.உதாரணம்.இந்தியா பொருந்தாது. ஆற்றில் நேராகப் பிரியும் வாய்க்கால்கள் எல்லாம் கணக்கில் சேரும், அந்த வாய்க்காலிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால் சேராது என்று நம்மூர் ஆட்களுக்குச் சொன்னால் சட்டென்று பிடிபடுகிறது. நட்சத்திரத்தை நடுவில் வைப்பதும், இரண்டு நட்சத்திரம் போடுவதும் முடியாது. அது இடது கோடியில், தனியாகத்தான் நிற்கவேண்டும்.

வழி இரண்டு. *.கும்பகோணம்.உதாரணம்.இந்தியா என்று அந்தப் படிக்கும் ஒரு நட்சத்திரம் சேர்த்து வாங்கலாம். அல்லது கணக்கு-கும்பகோணம்.உதாரணம்.இந்தியா என்று புள்ளிக்குப் பதில் சிறுகோடு போட்டுப் பெயரையே மாற்றிவிடலாம். நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன். கிளைகள் கூடக் கூட ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நட்சத்திரம் என்று போனால், எதற்காக வைல்டுகார்டுக்கு வந்தோமோ அதுவே அடிபட்டுப்போகும்.

டொமைன் பேரே தமிழ்லதான் வெச்சிருக்கோம். அதுக்கும் கிடைக்குமா?

கிடைக்கும். தளத்தின் பெயரை வைத்து அதன் சர்வர் முகவரியைச் சொல்லும் டி.என்.எஸ். உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளைத்தான் கையாள்கிறது. அதனால் தமிழ்ப் பெயர் பியூனிகோடு என்ற முறையில் மாற்றப்படும். எக்ஸ், என் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு சிறுகோடும் முன்னால் வரும் ஒரு நீளமான சரம் அது. சர்டிபிகேட்டிலும் அதுதான் பதிவாகும். பார்த்துவிட்டு "இது எங்க பேர் இல்லையே" என்று பதறவேண்டாம். சில மென்பொருள்கள் தமிழில் தட்டினால் ஏற்காது. அவற்றில் பியூனிகோடு வடிவத்தைக் கொடுத்து, முன்னால் நட்சத்திரமும் புள்ளியும் வையுங்கள்.

ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே 63 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு மாற்றப்பட்ட வடிவத்துக்குத்தான் பொருந்தும். மேலே சொன்ன சிறுகோட்டு உத்தியைத் தமிழில் செய்யும்போது பெயர் நீண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலவசமா கிடைக்கிறதும் காசு கொடுத்து வாங்குறதும் ஒண்ணா? காசு கொடுத்தா கூடுதல் பாதுகாப்பாமே?

தகவலை மறைத்து அனுப்பும் வலுவில் வித்தியாசம் கிடையாது. அது உங்கள் சர்வரும் பார்ப்பவரின் பிரவுசரும் பேசி முடிவு செய்வது. லெட்ஸ் என்கிரிப்ட் 2018 மார்ச் முதல் வைல்டுகார்டை இலவசமாகவே தருகிறது. பார்ப்பவருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் சேவை வழியாகத் தளத்தை ஓட்டுபவர்களுக்கு, முதன்மைப் பெயருக்கும் ஒரு படி சப்டொமைன்களுக்கும் அவர்களே சர்டிபிகேட் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அது பார்ப்பவருக்கும் கிளவுட்ஃப்ளேருக்கும் நடுவில் உள்ள பாதைக்கு மட்டும். அங்கிருந்து உங்கள் சர்வருக்கு வரும் பாதைக்கு நீங்கள் தனியாக ஏற்பாடு செய்யவேண்டும். இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

காசு கொடுத்தால் கிடைப்பது உதவிக்கு ஓர் ஆள், அப்புறம் நிறுவனத்தின் பெயரைச் சரிபார்த்துச் சர்டிபிகேட்டுக்குள் எழுதும் வகை. நிறுவனத்தை மிக விரிவாகச் சோதித்துத் தரும் இ.வி. என்ற உயர்வகையில் வைல்டுகார்டே கிடையாது, விதிகள் அனுமதிப்பதில்லை. "இ.வி. வைல்டுகார்டு தருகிறேன்" என்று யாராவது விலை சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள்.

மூணு வருஷத்துக்கு மொத்தமா வாங்கிப் போட்டுட்டா தொல்லை விட்டதுல்ல?

மூன்று வருடத்துக்குப் பணம் கட்டலாம், சர்டிபிகேட் அத்தனை நாள் செல்லாது. சர்டிபிகேட் வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பு 2025 ஏப்ரலில் ஓர் அட்டவணை போட்டது. அதுவரை 398 நாள் என்றிருந்த உச்சவரம்பு, 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுவதற்கு 200 நாள். 2027 மார்ச் 15 முதல் 100 நாள். 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். நீங்கள் வாங்குவது சந்தா மாதிரிதான். இடையில் பல தடவை புதிதாக எடுத்து சர்வரில் ஏற்றியாக வேண்டும். லெட்ஸ் என்கிரிப்டில் தொடக்கம் முதலே அதிகபட்சம் 90 நாள்தான். ஆகவே இலவசமோ காசோ, புதுப்பிப்பது தானாக நடக்கவேண்டும். கையால் செய்து சமாளிக்கும் காலம் முடிந்துவிட்டது.

சாதாரண சர்டிபிகேட் ஒரு பட்டன் அழுத்துனதும் வந்துச்சு. வைல்டுகார்டுக்கு மட்டும் ஏன் டி.என்.எஸ்.ல போயி ரெக்கார்டு போடச் சொல்லுது?

சாதாரண சர்டிபிகேட்டுக்கு, குறிப்பிட்ட ஒரு கோப்பை உங்கள் தளத்தில் வைத்துக் காட்டினால் போதும். ஒரு பெயரின் சர்வர் உங்கள் கையில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் வைல்டுகார்டு எல்லா சப்டொமைன்களுக்கும் செல்லும். ஒரு சர்வரில் கோப்பு வைக்க முடிந்தவருக்கு மொத்த டொமைனும் சொந்தம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? அதனால்தான் 2021 டிசம்பர் 1 முதல் கோப்பு முறையில் வைல்டுகார்டு தரக்கூடாது என்று எல்லா வழங்குநர்களுக்கும் விதி வந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் ஆரம்பத்திலிருந்தே அதற்கு டி.என்.எஸ். வழியை மட்டும்தான் ஏற்கிறது. அடிக்கோட்டுடன் தொடங்கும் ஆக்மி-சேலஞ்ச் என்ற பெயரில், அவர்கள் தரும் சரத்தை டி.எக்ஸ்.டி. ரெக்கார்டாக (டி.என்.எஸ்.ஸில் எழுதிவைக்கும் எழுத்துக் குறிப்பாக) போடவேண்டும்.

போட்டேன் அண்ணே. திரும்ப இன்னொண்ணு போடுங்குது. மொத போட்டதை அழிச்சுட்டு புதுசைப் போட்டா ஃபெயில்னு வருது!

அழிக்கக்கூடாது. முதன்மைப் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துக் கேட்டால் இரண்டுக்கும் தனித்தனிச் சரம் வரும், ஆனால் இரண்டும் ஒரே ரெக்கார்டுப் பெயரில்தான் உட்காரும். ஒரே பெயரில் இரண்டு டி.எக்ஸ்.டி. ரெக்கார்டு இருப்பதில் எந்தத் தவறும் இல்லை. இரண்டையும் வைத்துவிட்டு, வெளியில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் என்டர் தட்டுங்கள். அவசரப்பட்டுத் தட்டுவதுதான் பாதித் தோல்விகளுக்குக் காரணம். வேலை முடிந்தபின் இரண்டையும் நீக்கிவிடலாம்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவைதானே, நானே கையால போட்டுக்கறேனே?

போன பதிலில் பார்த்ததையே வருடம் முழுக்கச் செய்யப்போகிறீர்கள் என்று அர்த்தம். மறக்காத ஆளே கிடையாது, மறந்த அன்று எல்லா சப்டொமைனும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை காட்டும். முன்பெல்லாம் லெட்ஸ் என்கிரிப்ட் முடிவுத் தேதியை மின்னஞ்சலில் நினைவூட்டும். 2025 ஜூனில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் டி.என்.எஸ். சேவையில் ஏ.பி.ஐ. (மென்பொருளே நேராகக் கட்டளையிடும் வழி) இருந்தால் சர்ட்பாட் போன்ற கருவிகள் ரெக்கார்டைத் தாங்களே போட்டு, சரிபார்த்து, எடுத்துவிடும். இதில் கவனம் எங்கே வேண்டுமென்றால், அந்த ஏ.பி.ஐ.க்குக் கடவுச்சொல் போல இருக்கும் டோக்கனில். மொத்த டொமைனையும் மாற்றும் அதிகாரம் உள்ள டோக்கனை வெப் சர்வரில் வைத்தால், சர்வருக்குள் புகுந்தவன் உங்கள் மின்னஞ்சலையே வேறு பக்கம் திருப்பிவிடலாம். அந்த ஒரு டொமைனுக்கு மட்டும், டி.என்.எஸ். திருத்த மட்டும் என்று டோக்கனைக் குறுக்குங்கள். இன்னும் நல்ல வழி, ஆக்மி-சேலஞ்ச் பெயரை மட்டும் சி-நேம் ரெக்கார்டு மூலம் வேறொரு சின்ன டொமைனுக்குத் திருப்பிவிடுவது. டோக்கன் அந்தச் சின்ன டொமைனை மட்டும் தொடும். டி.என்.எஸ். சேவையில் ஏ.பி.ஐ.யே இல்லாதவர்களுக்கும் இந்த வழி உதவும். சி-நேமை ஒரே ஒரு முறை கையால் போட்டால் போதும்.

இன்னொன்று: புதுச் சர்டிபிகேட் வந்து வட்டில் உட்கார்ந்திருக்கும், ஆனால் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். ரீலோடு செய்தால்தான் அது புதியதைப் படிக்கும். புதுப்பித்ததும் ரீலோடு ஆகும்படி கருவியிலேயே அமைத்துவிடுங்கள். வெளியிலிருந்து முடிவுத் தேதியைப் பார்த்து எச்சரிக்கும் ஒரு கண்காணிப்பையும் தனியாக வையுங்கள்.

எங்க சர்வர் ஆபீஸ்லயேதான் இருக்கு. புயல் நேரத்துல நாலு நாள் கரண்டு இல்லன்னா என்ன ஆகும்?

2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின் நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆகவே இது நியாயமான கேள்வி. சர்ட்பாட் வழக்கமாக 90 நாள் சர்டிபிகேட்டை, 30 நாள் மிச்சம் இருக்கும்போதே புதுப்பிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் தொடர்ந்து முயலும். அந்த இடைவெளி உங்களுக்குப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் முடியும் சர்டிபிகேட்டை மட்டும் புரட்டாசியிலேயே ஒருமுறை கட்டாயமாகப் புதுப்பித்துவிடச் சொல்வேன். டி.என்.எஸ். முறையில் வெளியாள் உங்கள் சர்வருக்குள் வந்து பார்க்கத் தேவையில்லை என்பதால், மொபைல் இணைப்பில் இருக்கும் வேறொரு கணினியிலிருந்தும் எடுத்துவிடலாம்.

புது சப்டொமைன் போட்டேன். வைல்டுகார்டு இருக்கு, ஆனா பக்கமே திறக்கல. சர்டிபிகேட் கெட்டுப்போச்சா?

இல்லை. சர்டிபிகேட் பெயரைச் சரிபார்க்கும், வழி காட்டாது. அந்தப் பெயருக்கு டி.என்.எஸ்.ஸில் முகவரி இருக்கவேண்டும், வெப் சர்வரிலும் அந்தப் பெயரை ஏற்கும் அமைப்பு இருக்கவேண்டும். டி.என்.எஸ்.ஸிலும் நட்சத்திர ரெக்கார்டு போடலாம், ஆனால் அது வேறு, இது வேறு. ஒன்று இருந்தால் மற்றது இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வெப்சைட் ஒரு இடத்துல, பில்லிங் இன்னொரு கம்பெனிகிட்ட, மெயில் வேற இடத்துல. ஒரே சர்டிபிகேட்டை எல்லாருக்கும் அனுப்பிச்சுட்டா போதும்ல?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சர்டிபிகேட்டை மட்டும் அனுப்பினால் அவர்களால் எதுவும் செய்யமுடியாது. முதல் பதிலில் சொன்ன பிரைவேட் கீயையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். அதை வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பும் கணத்தில், பில்லிங் நிறுவனத்தில் அதைப் பார்க்க முடிகிற ஒவ்வொருவர் கையிலும் உங்கள் எல்லா சப்டொமைன்களின் அடையாளமும் போய்விடுகிறது. உங்கள் கணக்குத் தளம் போலவே ஒன்றை நிறுத்தி, பிரவுசர் முகம் சுளிக்காதபடி காட்ட அதுவே முக்கால்வாசி வேலை. பார்ப்பவரை அந்தப் பக்கம் திருப்புவது மட்டும்தான் பாக்கி. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். அவர்களுடைய சர்வரில் ஓட்டை இருந்தால் அது உங்கள் ஓட்டை ஆகிவிடுகிறது என்பதுதான் பிரச்சினை.

பில்.உதாரணம்.இந்தியாவை வேறொருவர் நடத்துகிறாரா? அந்த ஒரு பெயருக்கு மட்டும் அவரே சாதாரண சர்டிபிகேட் எடுத்துக்கொள்ளட்டும். கோப்பு முறை அதற்குச் செல்லும், உங்கள் டி.என்.எஸ். பக்கம் வரவே வேண்டாம். வைல்டுகார்டும் தனிச் சர்டிபிகேட்டும் ஒரே டொமைனில் சண்டையில்லாமல் இருக்கும். "அதெல்லாம் முடியாது, கீயை அனுப்புங்க" என்று அடம்பிடிக்கும் சேவையாளரை மாற்றுவதைப் பற்றி நான் யோசிப்பேன்.

சரி, மெயில் சர்வரும் வெப் சர்வரும் என்னோடதுதான். அதுல ஒரே கீ இருக்கலாமா?

இயங்கும். ஆனாலும் பிரித்து வைப்பது மேல். 2021இல் ஆராய்ச்சியாளர்கள் அல்பாகா என்ற தாக்குதலை விளக்கினார்கள். இணையதளத்துக்குப் போகவேண்டிய தொடர்பை, நடுவில் இருப்பவன் அதே சர்டிபிகேட் வைத்திருக்கும் மெயில் சர்வருக்கோ கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. சர்வருக்கோ திருப்பிவிட்டுக் குழப்புவது அது. அதே வருடம் அக்டோபரில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ. வைல்டுகார்டுகளைக் கண்டபடி பரப்பவேண்டாம் என்று அறிவுறுத்தல் வெளியிட்டது. வெப் சர்வர்களுக்கு ஒன்று, மெயிலுக்குத் தனியாக ஒன்று என்று வையுங்கள். கூடுதல் செலவு எதுவும் இல்லை.

கீ வெளிய போயிடுச்சுன்னு சந்தேகம். இப்ப என்ன பண்ண?

புதுக் கீ உருவாக்கி, புதுச் சர்டிபிகேட் எடுத்து, வைல்டுகார்டு இருக்கும் ஒவ்வொரு சர்வரிலும் ஏற்றுங்கள். பழைய கீயை வைத்தே புதுப்பித்தால் பயனே இல்லை. ஏற்றி முடித்ததும் பழையதை ரத்து செய்யச் சொல்லுங்கள். கீ வெளியானதற்குச் சான்று கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யவேண்டும் என்பது வழங்குநருக்கான விதி. ஆனால் ரத்தான சர்டிபிகேட்டை எல்லா பிரவுசர்களும் உடனே கண்டுபிடித்துத் தடுப்பதில்லை. ஆயுட்காலத்தை 47 நாள் வரை குறைத்துக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தெந்த சர்வரில் கீ இருக்கிறது என்ற பட்டியல் அந்த நேரத்தில் கையில் இல்லையென்றால் திண்டாட்டம்தான். இன்றைக்கே எழுதி வையுங்கள்.

சர்டிபிகேட் எடுத்தா நம்ம சப்டொமைன் பேரெல்லாம் ஊருக்கே தெரியுமாமே?

உண்மைதான். வழங்கப்படும் சர்டிபிகேட்டுகள் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்பட்டவை அப்படி ஏறியிருந்தால்தான் குரோம் ஏற்கும். யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். வைல்டுகார்டாக இருந்தால் நட்சத்திரம் மட்டும்தான் தெரியும், சோதனைத் தளத்தின் பெயர் தெரியாது. அது ஒரு சின்ன ஆதாயம், அவ்வளவே. பெயர் தெரியாததால் பாதுகாப்பு என்று நினைத்துக் கடவுச்சொல் இல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

அப்ப எங்களுக்கு வைல்டுகார்டு வேணுமா, வேணாமா?

மூன்று நான்கு சப்டொமைன்தான், அடிக்கடி மாறாது என்றால் வேண்டாம். எல்லாப் பெயர்களையும் ஒரே சாதாரண சர்டிபிகேட்டில் அடுக்கலாம். லெட்ஸ் என்கிரிப்டில் 100 பெயர் வரை இடம் உண்டு. டி.என்.எஸ். டோக்கன் தலைவலியே கிடையாது.

வைல்டுகார்டு பொருந்துவது வேறு மாதிரி இடத்தில். ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உறுப்பினர் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்டொமைன் தருகிறது, குறுவை முடிவதற்குள் இன்னும் நிறைய ஊர்கள் சேரும், எல்லாம் ஒரே சர்வரில், ஒரே ஆளின் பொறுப்பில். அங்கே தனித்தனியாக எடுக்கப் போனால், ஒரு டொமைனுக்கு 7 நாளில் 50 புதுச் சர்டிபிகேட் என்ற லெட்ஸ் என்கிரிப்ட் வரம்பிலும் முட்டும். பெயர்கள் பெருகுகின்றன, கீ இருக்கும் இடம் ஒன்றே: இரண்டும் சேர்ந்திருந்தால் தயங்காமல் போடுங்கள். பெயர்கள் பெருகி, அவற்றை நடத்தும் கைகளும் பலவானால் தனித்தனிதான் சரி.

எங்களுக்குத் தெரியாம வேற யாராவது எங்க பேர்ல வைல்டுகார்டு வாங்கிட முடியுமா?

உங்கள் டி.என்.எஸ். அவர்கள் கையில் இல்லாதவரை பொதுவாக வாங்கமுடியாது. கூடுதல் தடுப்புக்கு சி.ஏ.ஏ. ரெக்கார்டு போடுங்கள். எந்த வழங்குநர் உங்களுக்குச் சர்டிபிகேட் தரலாம் என்று அதில் சொல்லலாம். 2017 செப்டம்பர் முதல் எல்லா வழங்குநர்களும் அதைப் பார்த்துவிட்டுத்தான் தரவேண்டும். இஷ்யூவைல்டு என்ற வரி வைல்டுகார்டுக்கு மட்டுமானது. வைல்டுகார்டே யாரும் தரக்கூடாது என்றும் எழுதலாம், அதனால் சாதாரண சர்டிபிகேட் தடைபடாது.

இதில் ஒரு சிக்கலான மூலை இருக்கிறது. போன வருடத் திருவிழா விற்பனைக்கு ஒரு சப்டொமைன் போட்டு, வெளிச் சேவை ஒன்றுக்கு சி-நேமால் திருப்பியிருப்பீர்கள். சந்தா முடிந்தது, அங்கே கணக்கை மூடிவிட்டீர்கள், டி.என்.எஸ். ரெக்கார்டு மட்டும் அப்படியே கிடக்கும். அந்தச் சேவையில் அதே பெயரை வேறொருவர் பிடித்துக்கொண்டால், கோப்பு முறையில் அந்த சப்டொமைனுக்கு அவரே முறையான சர்டிபிகேட் வாங்கிவிடலாம். உங்கள் வைல்டுகார்டு இதைத் தடுக்காது. நீங்கள் அனுமதித்த வழங்குநரிடமே அவர் போனால் சி.ஏ.ஏ.வும் தடுக்காது. ஒரு சேவையை மூடும்போது முதலில் டி.என்.எஸ். ரெக்கார்டை அழியுங்கள், அப்புறம் கணக்கை மூடுங்கள். பழைய ரெக்கார்டுகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். மேலே சொன்ன பொதுப் பதிவேட்டில் உங்கள் டொமைனைத் தேடி, நீங்கள் எடுக்காத சர்டிபிகேட் ஏதாவது தென்படுகிறதா என்றும் பாருங்கள்.